கலாஸ் என்று சொன்ன கணக்கருக்கு

என் அபராதப் பணம் அறுநூறு திர்ஹமை நீங்கள் கட்டவில்லை. என் கையிலிருந்து எண்ணி வாங்கியவர் நீங்கள். கட்டாதவரும் நீங்கள்தான்.

நான் ஷார்ஜா தொழில்பேட்டையில் தண்ணீர் கேன் வேன் ஓட்டுகிறேன். வேன் நம் கம்பெனியுடையதல்ல, வாடகை வண்டி. வேகமாகப் போனால் கேமரா படம் பிடிக்கும். அபராதச் சீட்டு வாடகைக் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து கணக்கு பார்க்கும் உங்கள் மேஜைக்கு வரும். ஓட்டியவன்தான் கட்ட வேண்டும். வேகமாகப் போனது என் தப்பு, இல்லை என்று சொல்லவில்லை. சம்பளம் வந்த அன்றைக்கே பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். "சார், ரசீது?" என்று கேட்டேன். "கலாஸ், போங்க" என்றீர்கள்.

எங்களுக்குக் கலாஸ் என்றால் முடிந்தது என்று அர்த்தம். மெஸ்ஸில் சோறு தீர்ந்தால் கலாஸ். டூட்டி முடிந்தால் கலாஸ். ஆளை வேலையை விட்டுத் தூக்கினாலும் கலாஸ். அபராதமும் கலாஸ் என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஆள் ஃபைலோடு நாங்கள் தங்கும் கேம்ப்புக்கு வந்து என் ரூம் கதவைத் தட்டினார். வாடகைக் கம்பெனி பாக்கி வசூலிக்க அமர்த்திய ஏஜென்சிக்காரர். திருநெல்வேலிப் பேச்சு.

"அண்ணாச்சி, ஃபைன் அறுநூறு. எங்க வசூல் சார்ஜ் எழுநூத்தி அம்பது."

"ஃபைனைவிட சார்ஜ் கூடவா? நீ என்ன ஃப்ளைட்லயா வந்தே?"

"பஸ்லதான் வந்தேன். லெட்டர் ரெண்டு, இப்ப நேர்ல ஒண்ணு. எல்லாத்துக்கும் தனித்தனி ரேட்டு."

"எனக்கு லெட்டரே வரலையேப்பா."

"உங்க ஆபீசுக்குப் போட்டோம் அண்ணாச்சி. அங்க கேளுங்க."

பக்கத்துக் கட்டில் யாழ்ப்பாணத்துக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணை, உங்கட கலாசுக்கு ரசீது இருக்கோ?"

மறுநாள் உங்களிடம் வந்தேன். "பேச்சு முடிஞ்சுது, கிளம்புங்கன்னு சொன்னேன். ஃபைன் கட்டிட்டேன்னா சொன்னேன்?" என்றீர்கள். அப்படியானால் பணம் எங்கே என்றதற்கு, பழைய டயர் கணக்கில் பிடித்தாயிற்று என்றீர்கள். எந்த டயர் என்று கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நான் நின்று பார்த்துவிட்டு வந்தேன். எட்டு வருடமாக இப்படி நின்றுவிட்டு வருகிறேன். சண்டை போடவும் தெம்பு வேண்டும்.

ஊரில் என் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் லீவை அதற்காகவே எழுதிக் கொடுத்திருந்தேன். பாக்கி தீராமல் டிக்கெட் இல்லை என்றது ஆபீஸ். ரூமில் நாலு பேரிடம் கடன் வாங்கி அபராதத்தை இரண்டாம் தடவையாகவும், அதற்கு மேல் வசூல் சார்ஜையும் கட்டினேன். அதற்குள் ஆபரேஷன் தேதி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் பேப்பரில் அவள் தங்கைதான் கையெழுத்துப் போட்டாள்.

கண் விழித்ததும் அவள் போன் பண்ணினாள். "நல்லபடியா முடிஞ்சுது. நீங்க எங்க இருக்கீங்க?"

"சிக்னல்ல நிக்கிறேன்."



பணம் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நீங்களும் இருக்கிறீர்கள். இதை அப்படியே அதில் போடுகிறேன். தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கித் தர வேண்டாம். எனக்கு வந்த இரண்டு லெட்டரையும் ஏன் என்னிடம் காட்டவில்லை? அதை அந்தக் குரூப்பிலேயே, எல்லாரும் படிக்க எழுதுங்கள்.