மரியா பார்க்காத படங்கள்

செங்கம்மாள் ஒரு படம் பார்த்தால் போதும், டெல்லி துவாரகாவில் அவள் சமைக்கிற மூன்று வீட்டு அடுப்படியிலும் அது ஓடும். இரண்டு வீட்டில் கேட்க நாதி கிடையாது. அங்கெல்லாம் கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே அவளாகவே கதை சொல்லி, அவளாகவே கதாநாயகனைத் திட்டிவிட்டுக் கிளம்பிவிடுவாள். மூன்றாவது வீட்டில் மட்டும் அடுப்படி வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிலோமினா அம்மா காத்திருப்பார். முப்பது வருஷம் டெல்லியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதியில் கண் இரண்டும் போய் நாலு வருஷமாகிறது.

"என்னட்டி, இந்த வாரம் என்ன படம்?" என்பார் உள்ளே நுழைந்ததுமே. தூத்துக்குடிப் பேச்சு. டெல்லித் தண்ணீர் எத்தனை வருஷம் குடித்தும் அது மாறவில்லை.

"புதுப் படம்மா. ரெண்டரை மணி நேரம் வெட்டுறான், குத்துறான். எதுக்குன்னு இயக்குநரைக் கேட்டாத்தான் தெரியும்."

"பழசு ஒண்ணும் பாக்கலியா?"

"அதுவும் பார்த்தேன். அந்தப் பொண்ணு பாவம், முதல் பாட்டுல ஆரம்பிச்ச இருமல் கடைசி வரைக்கும் நிக்கல. யாராவது ஒரு டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போனாங்களா? இல்ல!"

"டிபி வார்டுல நான் பாத்த பிள்ளைக யாரும் பூ வச்சுக்கிட்டு இருமல, கேட்டியா!" என்று சொல்லிவிட்டுப் பிலோமினா அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

சும்மா சொல்லக்கூடாது, செங்கம்மாள் கதை சொல்கிற அழகே தனி. சண்டை வந்தால் கரண்டியால் மேடையைத் தட்டுவாள். மழை வந்தால் குழாயைத் திறந்துவிடுவாள். இந்தத் திறமையை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு ஊரில் எட்டாவது வரை படித்து, கல்யாணமான மறுமாதமே சுப்பையாவோடு ரயிலேறி வந்தவள். இந்த அடுக்குமாடி சொசைட்டிக் கட்டடங்கள் எழும்பினபோது அவன் கொத்து வேலை, அவள் ஜல்லி சுமந்தாள். இடுப்பு விட்டுப் போனதும், "சாம்பார் வைக்கத் தெரியுமா?" என்று ஒரு தமிழ் வீட்டில் கேட்க, அன்றிலிருந்து கரண்டி பிடித்தவள்தான். தான் சுமந்த ஜல்லியின் மேல் நின்று சமைக்கிறோம் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வாள். மகள் மஞ்சு கழித்துப் போட்ட போனில், பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படம் பார்ப்பாள். வீட்டில் அதைப் பற்றி வாயைத் திறந்தால், "ஜல்தி சோத்தைப் போடும்மா" என்பாள் மஞ்சு. படம் எப்படி இருந்தது என்று செங்கம்மாளை மதித்துக் கேட்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் பிலோமினா அம்மாதான்.

பிலோமினா அம்மாவுக்கு இன்னொரு ஆள் இருந்தார். மரியா. இருவரும் ஒரே ஊர், ஒரே ஆஸ்பத்திரி, நர்ஸ் ஹாஸ்டலில் ஒரே அறை. அந்தக் காலத்தில் டெல்லியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஒரு தமிழ்ப் படம் போடுவார்களாம். நைட் டியூட்டி முடித்து வெள்ளை உடுப்பைக்கூட மாற்றாமல் இருவரும் ஓடுவார்களாம். மரியா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் தூத்துக்குடியில் தம்பி வீட்டோடு போய்விட்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டாணென்று போன் வரும். செங்கம்மாளிடம் கேட்ட படத்தையெல்லாம் பிலோமினா அம்மா தானே பார்த்த மாதிரி அளப்பார். மரியா என்ன சொன்னார் என்பது செங்கம்மாளின் காதுக்கு எட்டாது. இந்தப் பக்கம் கேட்கிற சிரிப்பு மட்டும் எட்டும். அந்தச் சிரிப்பைக் கேட்டு, இருவருக்கும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் போலிருக்கிறது என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அங்கேதான் கெட்டது.

இந்த மே மாதம் பிலோமினா அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டெண்ட் வைத்தார்கள். ஐசியூவில் இருந்த அதே வாரத்தில், தூத்துக்குடியில் மரியா தூக்கத்திலேயே போய்விட்டார். மகன் பிராங்ளினுக்குத்தான் தகவல் வந்தது. அதிர்ச்சியாக எதுவும் சொல்ல வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விமான நிலையத்தில் ஷிப்டு வேலை பார்க்கிற பிள்ளை, டெல்லியில் பிறந்து வளர்ந்தவன், தமிழைத் தேடித் தேடித்தான் பேசுவான். அம்மா வீடு திரும்பிய அன்று செங்கம்மாளைப் பால்கனிக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, மரியா ஆன்ட்டி மேட்டர் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவங்களுக்குத் தொண்டையில ஆபரேஷன், பேச முடியாது, ஒன்லி மெசேஜ்னு சொல்லியிருக்கேன். ஒன் மந்த், அவ்ளோதான். அப்புறம் நானே சொல்லிடறேன்."

முதல் இரண்டு மெசேஜை அவனே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். பிறகு ஷிப்டு மாறிவிட்டது. "நீங்களே ஏதாவது படிக்கிற மாதிரி சொல்லிடுங்க அக்கா. உங்களுக்குத்தான் ஃபிலிம் எல்லாம் தெரியுமே" என்று அம்மாவின் போனை அவள் கையில் கொடுத்துவிட்டான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சனிக்கிழமை பிலோமினா அம்மா போனுக்கு முன்னால் குனிந்து, "மரியா, இந்த வாரம் ஒரு படம் கேட்டேன்..." என்று பேசுவார். செங்கம்மாள் குரலைப் பதிவு செய்கிற பட்டனை அழுத்துவது போலப் பிடித்திருப்பாள். அழுத்தமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு மரியாவின் பதிலை "வாசிப்பாள்". "அன்புள்ள பிலோமி, நீ சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா அந்த வில்லன் நடிப்பைப் பத்தி ஒண்ணும் சொல்லாம விட்டுட்டியே..." என்று தன் சொந்த அபிப்பிராயத்தையும் நைசாகச் சேர்த்துவிடுவாள். முகத்தைச் சாய்த்து ஒரு சொல் விடாமல் கேட்பார் பிலோமினா அம்மா.

உள்ளதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செங்கம்மாளுக்கு அது பிடித்துப் போயிற்று. வயதானவருக்கு ஒத்தாசை செய்கிறோம் என்றுதான் முதலில் நினைத்தாள். போகப் போக, பஸ்ஸில் படம் பார்க்கும்போதே மரியா இதற்கு என்ன சொல்வார் என்று யோசிக்க ஆரம்பித்தாள். சமையல்காரி சொன்னால் கதை, மரியா சொன்னால் விமர்சனம் அல்லவா! ஒரு மாதம் என்றது மூன்று மாதமாயிற்று. பிராங்ளினும் சொல்லவில்லை, அவளும் ஏனென்று கேட்கவில்லை.

இதில் இன்னொரு வேலையும் அவள் தலையில் இருந்தது. பிலோமினா அம்மா ஞாயிறு மாலையில் சர்ச்சில் நடக்கிற தமிழ்ப் பூசைக்குப் போவார். பூசையில் யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சீட்டெழுதிக் கொடுக்கிற வழக்கம் அங்கே உண்டு. நோயாளிகளுக்கு ஒரு சீட்டு, இறந்தவர்களுக்கு ஒரு சீட்டு. செங்கம்மாளின் எட்டாம் வகுப்புக் கையெழுத்து அதற்கும் பயன்பட்டது. ஜூன் மாதத்திலிருந்து வாராவாரம், 'மரியா, தூத்துக்குடி, உடல்நலம் பெற' என்று அவள்தான் எழுதினாள். முதல் தடவை கொஞ்சம் கை கூசியது. சாமி காரியமாச்சே! பிறகு அதுவும் பழகிவிட்டது.

ஆகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமை. பழைய படம் ஒன்றைச் சொல்லி முடித்திருந்தாள். ஒரு தபால்காரர், தன் மகன் செத்த தந்தியைத் தானே கொண்டுவந்து தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிரித்துப் படித்து அழுகிற கதை. பிலோமினா அம்மா வழக்கம்போலப் போனுக்குக் குனிந்தார். "மரியா, அந்தத் தபால்காரர் படம் நினைவிருக்கா? கடைசியில அழுவானே, என்னா நடிப்பு! இப்பமாவது சொல்லு, நீ என்ன சொல்லுத?"

'இப்பமாவது' என்ற சொல்லைச் செங்கம்மாள் கவனிக்கவே இல்லை. மறுநாள் உற்சாகமாக வாசித்தாள். "பிலோமி, நீ சொன்னது சரிதான். அந்த அழுகைக்கு ஈடே இல்லை. நானும் கண்ணு கலங்கிட்டேன்."

பிலோமினா அம்மா சிரிக்கவில்லை. தலையையும் ஆட்டவில்லை. "இன்னொரு தடவை படி" என்றார்.

சொந்தச் சரக்குதானே, இரண்டாம் தடவை எப்படி அப்படியே வரும்? "அந்த நடிப்பை யாரும் அடிச்சிக்க முடியாது" என்று என்னவோ வந்தது.

"மரியா எப்படி இருக்கா செங்கம்மா?"

"நல்லாத்தான் இருக்காங்கம்மா. தேறி வராங்களாம்."

"அச்சா," என்றார் பிலோமினா அம்மா. அவ்வளவுதான். அன்றிலிருந்து போனில் பேசுவதை விட்டுவிட்டார். உடம்பு அசதி என்றார். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும், "மரியாகிட்டேருந்து சேதி உண்டா?" என்று மட்டும் கேட்பார். செங்கம்மாளும் ஏதாவது சொல்வாள். பிறகு சீட்டு எழுதச் சொல்வார். 'மரியா, தூத்துக்குடி, உடல்நலம் பெற.' அவள் எழுதி முடிக்கிற வரைக்கும் அந்தப் பார்வையில்லாத கண்கள் அவள் பக்கமே திரும்பியிருக்கும்.

நவம்பர் ஒன்றாம் தேதி சனிக்கிழமையாக வந்தது. மறுநாள் கல்லறைத் திருநாள். செத்தவர்கள் பேரையெல்லாம் எழுதிக் கோயிலில் கொடுக்கிற நாள். அவரைக்காயை நறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு செங்கம்மாள் பேனாவோடு உட்கார்ந்தாள். பிலோமினா அம்மா தன் அப்பா பேரைச் சொன்னார், அம்மா பேரைச் சொன்னார், வீட்டுக்காரர் பேரைச் சொன்னார். செங்கம்மாள் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தாள்.

"மரியா," என்றார் பிலோமினா அம்மா.

பேனா நின்றுவிட்டது.

"எழுதுட்டி. தூத்துக்குடி மரியா."

"அம்மா, இது... இது செத்தவங்க சீட்டும்மா."

"தெரியும். என்னைக்குச் செத்தா? தேதி தெரிஞ்சா சொல்லு, நாளைக்குக் கோயில்ல சாமியார்கிட்டச் சொல்லணும்."

செங்கம்மாள் பால்கனிப் பக்கம் பார்த்தாள். பிராங்ளின் டியூட்டியில் இருந்தான். "மே மாசம்மா," என்றாள். "நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப. பதினேழாம் தேதி. தூக்கத்திலயே போயிட்டாங்களாம், கஷ்டப்படலையாம்."

பிலோமினா அம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது.

"உங்களுக்கு எப்பம்மா தெரியும்?"

"தபால்காரர் படத்தன்னைக்கே. அந்தப் படத்துக்காக அவளும் நானும் ஹாஸ்டல்ல ஒரு வாரம் பேசாம இருந்தோம்ட்டி. வெங்காயத்தைக் கண்ணுல தேச்சுக்கிட்டு அழுதிருக்கான்னு அவ சொல்லுவா. நாப்பது வருஷம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அதைத்தான் சொன்னா. நான் நல்லாருக்குன்னு சொன்ன ஒரு படத்தை அவ நல்லாருக்குன்னு சொன்னதே கிடையாது. அதுக்குத்தான நான் அப்படிச் சிரிப்பேன். செத்தாலும் அவ 'நீ சொன்னது சரி'ன்னு சொல்லியிருக்க மாட்டா."

செங்கம்மாள் அழுதுவிட்டாள். "பிராங்ளின் தம்பிதான் சொல்லக் கூடாதுன்னாரும்மா. உங்க நெஞ்சு தாங்காதுன்னு..."

"பிராங்ளினைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவன் பயந்துபோயிட்டான். நானும் வார்டுல எத்தனை பேருகிட்டப் பொய் சொல்லியிருக்கேன்." பிலோமினா அம்மா கையைத் தடவி மேசையின் மேலிருந்த சீட்டைத் தொட்டார். "ஆனா அதுக்குப் பொறவு எட்டு சனிக்கிழமை உன்னை எழுதச் சொன்னேன். செத்துப்போனவளுக்கு உடம்பு தேறணும்னு எட்டு சீட்டு. ஒரு தடவையாவது, 'வேண்டாம்மா, இந்தப் பேரை இதுல எழுத வேண்டாம்மா'ன்னு நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ எழுதிக்கிட்டே இருந்த."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த எட்டு சனிக்கிழமையும் தனித்தனியாக அவள் கண்முன் வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் வாயைத் திறக்க இடம் இருந்தது. திறந்திருந்தால் மரியா போய்விடுவார், மரியா போனால் தன் அபிப்பிராயத்தைக் கேட்க ஆளில்லை என்ற நினைப்புத்தான் வாயை அடைத்தது என்று இப்போது தெரிந்தது. பாவி, ஒரு சினிமாப் பேச்சுக்காக இந்த அம்மாவைத் துக்கப்படக்கூட விடவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

"ஏட்டி, நான் பேசினதெல்லாம் அந்தப் போன்ல இருக்கா?"

"இல்லம்மா. நான் பட்டனை அழுத்தவே இல்ல."

"அப்பம் இத்தனை நாள் நான் யார்கிட்டப் பேசிக்கிட்டிருந்தேன்?"

"என்கிட்டத்தாம்மா," என்றாள் செங்கம்மாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

பிலோமினா அம்மா அவள் இருந்த பக்கம் திரும்பினார். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

"நீ அவ இல்லியேட்டி."

செங்கம்மாள் பேனாவை எடுத்து, வீட்டுக்காரர் பேருக்குக் கீழே, 'மரியா, தூத்துக்குடி' என்று எழுதினாள். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்துக் காட்டினாள். இந்தத் தடவை சீட்டில் என்ன இருந்ததோ அதை மட்டும் வாசித்தாள்.