மாமா குடித்த தண்ணீர்

நடக்கும்போது என்ன குடிக்கிறீர்கள் என்று டாக்டர் தெலுங்கில் கேட்டார். "நீள்ளே சார்" என்றார் மாமா. வெறும் தண்ணீர்தான் என்று அர்த்தம். அவர் பொய் சொல்லவில்லை. திருப்பதியில் அந்தச் சின்ன அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கும் அது பொய்யாகப் படவில்லை. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். மூன்று மாதத்தில் அது இரண்டாவது முறை. அந்த அறையை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

மாமா என் அக்காவின் கணவர். கங்காதர நெல்லூர்க்காரர். சித்தூர் - திருப்பதி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, திருப்பதியிலேயே தங்கிவிட்டவர். வேலையில் இருந்த காலமெல்லாம் பகலில் அவர் தண்ணீர் குடித்ததே கிடையாது. குடித்தால் நடுவழியில் இறங்க வேண்டி வரும், வண்டி நின்றால் பயணிகள் கத்துவார்கள். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். சர்க்கரை நோய் வந்தபோது, தினமும் நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார் டாக்டர். நடப்பதை மாமா டியூட்டி மாதிரியே எடுத்துக்கொண்டார். விடிந்ததும், திருமலைக்குப் படிகள் தொடங்கும் அலிபிரியில் நிற்பார். அரை மணி நேரம் படி ஏறி இறங்குவார். என் ஷிப்ட் அனுமதிக்கும் நாட்களில் நானும் கூடப் போவேன். தண்ணீர்தான் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அவருக்கு ஒரு நீல நிறப் பானத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். ஸ்ரீசிட்டியில் எங்கள் தொழிற்சாலையில் உலைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குக் கோடையில் அதைக் கொடுப்பார்கள். விளையாட்டு வீரர்கள் குடிப்பது. நாள் முழுக்க வியர்த்துக் கொட்டும் உடம்புக்கு அதிலுள்ள உப்பும் சர்க்கரையும் தேவைப்படலாம். மாமாவுக்கு என்ன தேவை என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரு நாள் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரிடம் ஒரு பாட்டிலை நீட்டினேன். நிறுத்தாமல் குடித்து முடித்தார்.

"இது எறங்குது மச்சான்" என்றார். "தண்ணின்னா இப்டி இருக்கணும்."

அக்காவுக்குச் சந்தோஷம். ஒரு வழியாக மனிதர் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அவளே கடையில் வாங்கி ஃபிரிட்ஜில் அடுக்கினாள். காலை நடையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று ஆனது. சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. சோற்றைக் குறைத்தோம், பழத்தை நிறுத்தினோம், அக்கா டீயில் இனிப்பே போடுவதில்லை. யாருக்கும் அந்த பாட்டில் மேல் சந்தேகம் வரவில்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், கம்பெனி பஸ்ஸில் கையிலிருந்த பாட்டிலைச் சும்மா திருப்பினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் சர்க்கரையின் அளவு இருந்தது. கணக்குப் போட்டேன்; ஒரு பாட்டிலுக்கு ஏழு ஸ்பூன் வந்தது. அரை மணி நடைக்குத் தண்ணீரே தாராளம். மாமாவோ ஏறி எரித்ததையெல்லாம் இறங்குவதற்குள் திரும்பக் குடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பாட்டிலைக் காட்டி விளக்கினேன். மாமா கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

"நீதான குடின்னு குடுத்த. இப்ப நீயே வாணான்ற. நாளைக்கி இன்னா சொல்லுவ?"

"தெரியாம குடுத்துட்டேன் மாமா."

"டாக்டரு நடன்னாரு, நடந்தேன். தண்ணி குடின்னாரு, குடிச்சிக்கினுதான் இருந்தேன். ரெண்டும் செஞ்சும் ஏறுதுன்னா அந்த நடையே ஒடம்புக்கு ஆவல."

மறுநாளிலிருந்து அவர் நிறுத்தியது நடையை. அக்கா பாட்டில் வாங்குவதை விட்டாள்; அவரே தெருமுனைக் கடைக்குப் போய் வாங்கிவந்தார். டாக்டரிடம் நான் தனியாகப் போய்ச் சொன்னேன். அவர் மாமாவை வரச்சொல்லித் திட்டினார். அதன் பிறகு அந்தக் கிளினிக்குக்கே மாமா வர மறுத்துவிட்டார். வேறு டாக்டரிடம் இன்சுலின் ஊசி ஆரம்பித்தபோதுதான் பானத்தை விட்டார். அதற்குள் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. ஓடும் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவர், இப்போது குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார். செருப்பு நழுவினால் அக்கா சொல்லித்தான் தெரிகிறது.

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் வந்தார். அவருக்கும் சர்க்கரை என்று புதிதாகச் சொல்லியிருக்கிறார்கள். நடக்கலாமா என்று மாமாவைக் கேட்டார்.

"வாணாம்ப்பா. நான் நடந்துதான் ஏத்திக்கினேன்" என்றார் மாமா.

என்னால் பொறுக்க முடியவில்லை. பாட்டில் கதை முழுவதையும், என் தப்பையும் சேர்த்தே, ஒன்றுவிடாமல் சொன்னேன். மாமா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"நீ படிச்சவன், படிச்சத சொல்ற. அவரு அனுபவிச்சவரு இல்ல?"

நாளைக் காலை என்னோடு வாருங்கள், தண்ணீர் மட்டும் எடுத்துக்கொண்டு போவோம் என்று வாசல்வரை போய்க் கெஞ்சினேன். பார்க்கலாம் என்றார். மறுநாள் அலிபிரியில் முதல் படியருகே, மலைமேல் வெயில் ஏறும்வரை அவருக்காக நின்றுகொண்டிருந்தேன்.