‘பொறு’ மத்தியாஸ்

மத்தியாஸ் சுருட்டைப் பற்றவைக்கிறார், ஆனால் இழுப்பதில்லை. முட்டத்துப் பாறையின் உச்சியில் நின்று கையை நீட்டிக்கொண்டு, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறார். நேராகப் போனால் தலையை ஆட்டுவார். சுருண்டு அவர் மூக்குக்கே திரும்பிவந்தால், “ம்ஹும், கள்ளக் காத்து” என்பார். நாளொன்றுக்கு ஏழு சுருட்டு இப்படிக் காற்றுக்குப் போகிறது. எட்டாவதுதான் அவருக்கு.

அவர் வேலைக்குப் பெயர் கிடையாது. பாறைகளுக்கு நடுவே இரண்டு கட்டுமரம் நுழையும் அகலத்தில் ஒரு வாசல். கடல் சீறினால் நாற்பது மரங்களும் ஒரே நேரத்தில் அந்த வாசலுக்குத்தான் ஓடிவரும். யார் முன்னே, யார் பின்னே என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? மத்தியாஸ் தம் சிவப்புத் துண்டைத் தலைக்குமேல் விரித்துப் பிடித்தால், நின்ற இடத்தில் நில். மேற்கே வீசினால், இங்கே இடமில்லை, குளச்சலுக்குப் போ. கீழே இறக்கினால், வா. பக்கவாட்டில் இரண்டு வெட்டு வெட்டினால் அது கரையில் இருப்பவர்களுக்கு: பேரலை வருகிறது, மேட்டுக்கு ஓடு.

ஒரு மரம் அரைமணி வெளியே நின்றால் மீன்கூடை தாமதம். கூடை தாமதித்தால் தலைச்சுமைக்காரிகள் இரணியல் போய்ச் சேர வெயில் ஏறிவிடும். வெயில் ஏறினால் வாங்குகிறவள் ரசம் வைத்து இறக்கியிருப்பாள். ஆகவே ஊரில் எது தாமதித்தாலும் பழி மத்தியாஸுக்குத்தான். அவர் வாயில் அதிகம் புழங்கும் சொல் ‘பொறு’. ஊர் அவருக்கு வைத்த பட்டமும் அதுவே. தம் கல்யாணத்தன்றைக்கே மழை விடட்டும் என்று பாதிரியாரைக் கோயில் வாசலில் முக்கால் மணி நிறுத்தினாராம். முக்கால் மணி என்பது அவர் மனைவி கிளாரா சொன்னது. ஊரைச் சுற்றி என் காதுக்கு வரும்போது அது இரண்டு மணியாகியிருந்தது. இனி மூன்று என்றே வைத்துக்கொள்வோம்.

போன ஐப்பசியில் அவருக்கு ஒரு கெட்டநாள் வாய்த்தது. புகை சுருண்டதென்று பத்தொன்பது மரங்களைக் குளச்சலுக்குத் திருப்பிவிட்டார். கடலோ அன்று முழுக்க விளக்கெண்ணெய் போல அசையாமல் கிடந்தது. பெண்கள் வெறுங்கூடையோடு குளச்சலுக்கு நடந்தார்கள். வழியெல்லாம் மத்தியாஸின் ஏழு தலைமுறையும் அர்ச்சனை பெற்றது. மறுநாள் காலையும் அவர் துண்டை விரித்தார்: ஒரு மரமும் இறங்கக்கூடாது. வானம் பளிச்சென்று இருந்தது. நான்கு மரங்களுக்குச் சொந்தக்காரரான சகாயம் பாறையடியில் வந்து நின்றார்.

“மாமா, இண்ணைக்கும் கடல் சும்மா கெடந்துதுன்னா, ஞாயிறு பூசை கழிஞ்சு வேற ஆளைப் பாறையில ஏத்துவோம். கேட்டியளா?”

“ஏத்து மக்கா. இண்ணைக்குப் பொறு.”

“உம்ம வாயில வேற சொல்லே கெடையாதா?”

“கெட்டின நாள்லேருந்து நானும் தேடுதேன் தம்பி, கெடைக்கல்ல” என்றாள் கீழே வலை உதறிக்கொண்டிருந்த கிளாரா.

உச்சிவேளைக்கு வடமேற்கு லேசாகக் கறுத்தது. இடிக்கு முன்னால் வேறோர் உறுமல் கேட்டது. மேகத்தைக் கிழித்துக்கொண்டு, இரண்டடுக்கு இறக்கையோடு ஒரு விமானம் தாழ்வாக வந்தது. பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தபால் கொண்டுவரும் விமானம் அது. அங்கே மைதானத்தை மழை மூடிவிட்டதாம். மூன்றுமுறை சுற்றியும் தரை தெரியவில்லையாம். வெளிச்சம் தேடித் தெற்கே வந்துவிட்டது. கால் மணிக்குத்தான் பெட்ரோல் மிச்சம். இதெல்லாம் பிறகு அதன் விமானியே சொன்னது.

விமானம் கோயிலுக்கு முன்னால் இருந்த மணலைக் குறிவைத்து இறங்கியது. தவித்து வரும் மரத்தைக் கண்டால் எதிரே ஓடித் தோள்கொடுத்து இழுத்தேற்றுவது இந்தக் கரையில் நடை பழகுமுன்பே பழகும் பாடம். அன்று கடலுக்குப் போகாமல் சோம்பிக் கிடந்த அறுபது பேரும் கயிறும் கையுமாக விமானத்துக்கு எதிரே ஓடினார்கள்! தலைகளை உரசாத குறையாக அது அலறிக்கொண்டு மேலே போயிற்று.

“பயந்துட்டான், பேடிச்சுட்டான்!” என்று கத்தினார் சகாயம். “இன்னும் முன்னால போய் நில்லுங்கலே! கயிறை வீசுங்கலே!”

“ஏலே, மாறுங்கலே!” பாறைமேல் மத்தியாஸ் தொண்டை கிழியக் கத்தினார். “அது மரமில்ல, சக்கரம் வச்ச வண்டி! ஓடுத பஸ்ஸுக்கு முன்னால போய்த் தோள் கொடுப்பியளா?”

காற்று அவர் குரலைக் கடலுக்குள் கொண்டுபோயிற்று. விமானம் வட்டமடித்து மறுபடி அதே மணலுக்குத் திரும்பியது. மத்தியாஸ் துண்டைப் பக்கவாட்டில் இரண்டு வெட்டு வெட்டினார். சகாயம் நிமிர்ந்து பார்த்தார். நேற்று ஊரையே நடக்கவைத்த அதே துண்டு. கோபம் தலையில் இருக்கும். கால்களுக்கு அது தெரியாது. கயிறைப் போட்டுவிட்டு முதலில் மேட்டுக்கு ஓடியவர் சகாயம். பின்னால் அறுபது பேரும் ஓடினார்கள். சிதறி ஓடும் கூட்டத்தைக் கண்டு விமானம் இறங்காமல் இன்னொரு வட்டம் போயிற்று.

அதற்குள் மத்தியாஸ் பாறையிலிருந்து இறங்கி மேற்கே ஓடிக்கொண்டிருந்தார். கோயில் மணல் காய்ந்த மணல். மனிதன் காலே முழங்கால்வரை புதையும், சக்கரம் என்ன ஆகும்? பாறைக்கு அப்பால் அலை பின்வாங்கிய ஈர மணல், சிமெண்டு போட்டதுபோல நீளமாகக் கிடந்தது. அங்கே நின்று, துண்டை ஒரு துடுப்பில் கட்டி உயர்த்தினார். மறுகையால் ஈர மணலைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

ஆகாயத்தில் பறப்பவனுக்கு முட்டத்துத் துண்டு பாஷை எப்படித் தெரியும் என்று கேட்கலாம். துண்டு பறந்த பக்கத்தை வைத்துக் காற்றைப் பார்த்துக்கொண்டான், கையை வைத்து இடத்தைப் பார்த்துக்கொண்டான்; அவ்வளவு போதும். காற்றுக்கு எதிர்முகமாக, கடற்காக்கை உட்காருவதுபோல விமானம் வந்து உட்கார்ந்தது. இரண்டு குதி குதித்தது, நின்றது.

“இப்பத் தோள் கொடுங்கலே!” என்றார் மத்தியாஸ்.

அறுபது பேரும் ‘ஏலோ’ போட்டு, விமானத்தை விமானியோடு சேர்த்துத் தூக்கி மேட்டில் வைத்தார்கள். வைத்து மூச்சு வாங்குவதற்குள் புயற்காற்று கரையில் அறைந்தது. விமானம் நின்ற ஈர மணல்மீது தென்னை உயரத்துக்கு அலை எழுந்து உடைந்தது. சரி, பாதித் தென்னை. பாறை வாசலில் வெறும் நுரை கொதித்தது. காலையில் இறங்கியிருந்தால் மரங்களெல்லாம் இப்போது அந்த நுரைக்குள்தான். சகாயம் மெல்ல அருகில் வந்து, நனைந்த தலையைச் சொறிந்தார்.

“மாமா, நாளைக்கு எறங்கலாமா?”

மறுநாள் நாகர்கோவிலிலிருந்து பெட்ரோல் டின்கள் வந்தன. கடைசி இரண்டு மைல் பெண்கள் தலையில் சுமந்தார்கள். தபால் ஒரு நாள் பிந்திவிட்டதென்று விமானிக்குப் பொறுமையில்லை. வானமும் கழுவிவைத்த கிண்ணம்போல இருந்தது. விமானத்தை ஈர மணலில் இறக்கி, என்ஜினை முடுக்கிவிட்டு, பாறையைப் பார்த்துப் போகலாமா என்று கையசைத்தான்.

மத்தியாஸ் கடலைப் பார்த்தபடியே நின்றார். திரும்பாமல், உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

விமானி என்ஜினை நிறுத்திவிட்டு, இறங்கிவந்து மணலில் உட்கார்ந்தான்.