இளைப்பாறாத கால்களும் கைமாறிய நோன்பும்

அடியார் பெருமக்களே, தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். சில வாரங்களுக்கு முன் நம் மன்றத்தில் ஞாயிறு வழிபாடு முடிந்து செருப்பணிந்துகொண்டிருந்தபோது, எனக்குப் பின்னே இருவர் என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர். மார்கழித் தேரோட்டத்தன்று வடத்தில் கை வைத்தவுடன் மங்கையர்க்கரசி ஆசிரியையின் கால் நோய் பறந்துபோயிற்று என்றார் ஒருவர். மற்றவர் வியந்தார். நான் திரும்பிப் பார்க்கத் துணியாமல் நடந்துவிட்டேன்.

அன்று நான் வடத்தைத் தொடவே இல்லை. கடலூரில் என் பள்ளியில் அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆகவே இங்கே மூவகைச் செய்திகளை மட்டுமே எழுதுகிறேன்: நானே பட்டறிந்தவை, மருத்துவர் எழுதித் தந்த தாளில் உள்ளவை, என் கணவர் கூறியவை. கடைசி வகையை அவர் கூறியதாகவே குறிப்பேன். இறைவன் செய்ததோடு நாம் கூட்டிச் சேர்த்தால், அவன் செய்தது போதவில்லை என்று நாமே சொன்னதாகிவிடும்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அது தொடங்கிற்று. பகலில் ஒன்றுமில்லை. வகுப்பில் நின்று பாடம் நடத்துவேன், படியேறுவேன். பொழுது சாய்ந்து, உடலைக் கிடத்தியவுடன் முழங்காலுக்குக் கீழே ஏதோ விழித்துக்கொள்ளும். வலி என்று சொல்ல இயலாது. அரிப்பும் அன்று, மரத்துப்போதலும் அன்று. கால்களை அசைத்தே ஆக வேண்டும் என்ற ஒரு வற்புறுத்தல் அது. அசைத்தால் அடங்கும். நிறுத்தினால் மீளும். எழுந்து நடந்தால் முற்றும் நீங்கும். ஆனால் நடந்துகொண்டே உறங்குவது எப்படி?

உட்காரவும் முடியாமற் போயிற்று. மாலையில் கடலூரிலிருந்து சிதம்பரம் திரும்பும் பேருந்தில், ஆலப்பாக்கம் வருவதற்குள் எழுந்து நின்றுவிடுவேன். நடத்துநருக்கு என்னை நன்கு தெரியும். ஒருநாள் அவர் பேருந்து முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"டீச்சர், சீட்டு காலியாத்தான் கிடக்கு, உக்காருங்க. நின்னுக்கினு வந்தா டிக்கெட்டுல ஒண்ணும் கொறைக்க மாட்டாங்க."

எல்லாரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். இறங்கி வீடு நோக்கி நடக்கையில் அழுதேன்.

என் கணவர் மேலவீதிக்கு அடுத்த தெருவில் மிதிவண்டிக் கடை வைத்திருக்கிறார். விடியுமுன் எழுபவர். உறக்கத்தில் என் கால்கள் அவரை உதைத்தன. புரட்டாசியில் நானே அவரை முன்னறையில் படுத்துக்கொள்ளச் சொன்னேன். தலையணையை எடுத்துக்கொண்டு போனார். இருபத்துமூன்று ஆண்டு இல்வாழ்க்கையில் ஒரே ஊரில் இருந்துகொண்டே வெவ்வேறு அறைகளில் படுத்தது அதுவே முதல் முறை. விளக்கை அணைத்தபின், "கேட்டு பூட்டியாச்சா?" என்று நாள்தோறும் கேட்பார், "ஆச்சு" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. முன்னறைக்குப் போனபின் வாயிற்கதவை அவரே பூட்டிவிட்டதால் அந்தக் கேள்வி நின்றுபோயிற்று. உறக்கத்துக்காக ஏங்கினேனா, அந்தக் கேள்விக்காக ஏங்கினேனா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே ஏக்கமாகவே இருந்தன.

மருத்துவரிடம் போகவில்லை. என்னவென்று சொல்வேன்? தமிழ் கற்பிப்பவளுக்குத் தன் நோயைச் சொல்லச் சொல் கிடைக்கவில்லை. மேலும் என் நம்பிக்கை வேறு வழியில் இருந்தது. ஆவணி மாதத்து முதல் திங்கட்கிழமையே கூத்தப்பெருமான் திருமுன் நின்று ஒரு நோன்பு ஏற்றிருந்தேன்: என் கால்கள் அடங்கும்வரை திங்கட்கிழமைகளில் உணவு கொள்ளேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பயன் குன்றும் என்று எண்ணினேன்.

கால்கள் அடங்கவில்லை. என் காணிக்கை போதவில்லை என்று முடிவு செய்தேன். பிரதோஷ நாள்களையும் சேர்த்தேன். பிறகு எல்லா நாள்களிலும் இரவு உணவை விட்டேன். காப்பி உணவாகாது என்று எனக்கு நானே ஒரு விதி வகுத்துக்கொண்டு, பசித்த போதெல்லாம் அதையே பருகினேன். எவ்வளவுக்கு நோன்பைக் கூட்டினேனோ அவ்வளவுக்குக் கால்களின் துன்பமும் கூடிற்று. அப்போதும் எனக்கு ஐயம் எழவில்லை. இறைவன் இன்னும் கேட்கிறான் என்றே கொண்டேன்.

மாலைதோறும் கோயிலுக்குப் போவேன். என் கணவர் பண்டிகை நாள்களிலும் வாயிலோடு நின்றுவிடுபவர். ஒருநாள் கடையை அடைத்துக்கொண்டே சொன்னார்:

"காலத் தூக்கி ஆடிக்கினு இருக்கிறவர்கிட்டப் போய், என் காலு ஆடக் கூடாதுன்னு கேக்கறியே மங்கை. பக்கத்துலயே ஒருத்தர் சொகமாப் படுத்திருக்காரு. அவர்கிட்டக் கேட்டுப் பாரேன்."

சினந்தேன். ஆனால் அன்று மாலை, ஆடும் பெருமானையும் பள்ளிகொண்ட பெருமாளையும் ஓரிடத்தில் நின்றே காணக்கூடிய அந்த இடத்தில் நின்றபோது, என் கண்கள் என்னை மீறித் திரும்பின. நீட்டிய திருவடிகளைப் பார்த்தேன். எவ்வளவு அமைதி! வணங்கவில்லை, பொறாமைப்பட்டேன். உண்மையை எழுதுவதாகச் சொன்னமையால் இதையும் எழுதுகிறேன். பிறகு எம்பெருமான் பக்கம் திரும்பி, "ஓர் இரவு போதும், ஒரே ஓர் இரவு" என்றேன். என் வேண்டுதல் முழுவதும் அவ்வளவே.

மார்கழித் திருவாதிரைக்கு என் கணவரின் தங்கை செல்வி வந்தாள். திட்டக்குடிக்கு அருகே ஓர் ஊரில் செவிலியாக இருக்கிறாள். காலையில் தரிசனம் முடித்து வந்து நண்பகலில் எல்லாருக்கும் களியும் கூட்டும் பரிமாறினேன். என் இலையில் மட்டும் ஒன்றுமில்லை. அந்த நாளையும் நோன்பில் சேர்த்திருந்தேன்.

"ஏன் அண்ணி, கால்ல சக்கரம் கட்டியிருக்கா? வந்ததுலேர்ந்து பாக்கறேன், ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கறீங்க" என்றாள்.

"உனக்குப் பசிக்கும். நீ சாப்பிடு."

"நீங்க?"

"அப்புறம்."

அவள் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தாள். என்னைக் கேளாமலே என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். நகங்களைத் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, இங்க வா. இது என்னா, சுண்ணாம்பு அடிச்சாப்புல இருக்கு? நீ பாக்கறதே இல்லயா?"

அவள் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக விடை சொல்லிக்கொண்டே வந்தேன். மாதவிலக்கு மிகுதியா? ஆம். பொழுது சாய்ந்தால் காலை ஆட்டத் தோன்றுகிறதா? ஆம். சாப்பாடு? அங்கேதான் பொய் சொல்லத் தெரியாமல் நோன்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"மாசமா இருக்கிறவங்க எங்ககிட்ட வந்து இதையேதான் சொல்லுவாங்க அண்ணி. ரத்தத்துல சத்து கொறஞ்சா இப்படி வரும். அத போயி பட்டினி கெடந்து, காப்பியக் குடிச்சு, இன்னும் ஜாஸ்தி பண்ணி வச்சிருக்கீங்க!"

என் கணவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "ஆவணிலேர்ந்தா?" என்று மட்டும் கேட்டார். அந்த முகத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை.

மறுவாரம் கடலூரில் ஒரு பெண் மருத்துவரிடம் குருதிச் சோதனை செய்துகொண்டேன். தாள் என்னிடம் உள்ளது. உடலில் இரும்புச்சத்தின் இருப்பு மிகக் குறைவு என்று அதில் எழுதியிருக்கிறது. கால்களின் ஓய்வின்மைக்கு அது காரணமாகலாம் என்றார். மாத்திரை எழுதினார். மூன்று வேளையும் உண்ண வேண்டும், காப்பியை விட வேண்டும், நோன்பு கூடவே கூடாது என்றார்.

அடியார்களே, நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழவில்லை. கால்கள் அடங்கும்வரை உண்ணேன் என்பது என் வாக்கு. உண்டாலன்றிக் கால்கள் அடங்கா என்பது மருத்துவரின் சொல். வாக்கைக் காத்தால் உறக்கமில்லை. உறங்கினால் பெருமானிடம் பொய்யுரைத்தவளாவேன். மாத்திரைகளை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த திங்கட்கிழமையும் பட்டினி கிடந்தேன்.

மாலையில் கடையிலிருந்து வந்தவர் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் பிரிக்கப்படவில்லை.

"சாமிக்குக் குடுத்த வாக்கு, அதானே ஒன் பிரச்சனை?"

"ஆமாம்."

"அப்ப அந்த வாக்க எனக்குக் குடு. நான் இருக்கறேன்."

"நீங்களா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை மாலையென்றால் கடைத்தெருப் புரோட்டா இல்லாமல் வீடு திரும்பாதவர் அவர். "அதெல்லாம் முறையாகாது" என்றேன்.

"முறையா இல்லயான்னு கேட்டுட்டு வந்துடுவோம், கெளம்பு."

சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அவர் என்னோடு உள்ளே வந்தார். நான் அறிந்தவரை, பல ஆண்டுகளுக்குப் பிறகு. எங்களுக்கு அருச்சனை செய்யும் தீட்சிதரிடம் தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கணவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"அர்ச்சனைக்கு ரெண்டு பேரும் ஒரே கோத்திரம்தானே சொல்றேள்? தாராளமா அவர் இருக்கட்டும். நீ போய்ச் சாப்பிடும்மா."

என் கணவர் கைகூப்பிக் கண்மூடி நின்றார். தீபம் காட்டி முடித்த பின்னும் அவர் கண் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போட்டவர் அவரே. முருங்கைக்கீரையும் அவரே வதக்கினார், உப்புக் கூடுதல். முழுவதையும் உண்டேன்.

அவருடைய முதல் திங்கட்கிழமை எனக்கு மறக்காது. அன்று எனக்குப் பள்ளி விடுமுறை. நண்பகலில் கடையிலிருந்து வந்து கூடத்தில் படுத்துக்கொண்டார்.

"மணி என்னா மங்கை?"

"மூன்று."

சிறிது பொழுது சென்றது.

"இப்ப?"

"மூன்று தாண்டி ஐந்து நிமிடம்."

"கடியாரத்துக்கு பேட்டரி போட்டியா இல்லயா?"

சிரித்துக்கொண்டே மாத்திரையை விழுங்கினேன். அடுத்த நொடியே சிரிப்பு நின்றது. எனக்காக ஒருவர் பசித்திருக்கிறார். இறைவனிடம் நான் ஏங்கிக் கேட்டது உறக்கம் மட்டும்தானா என்று அன்று ஐயுற்றேன்.

உடனே குணமாகவில்லை. தை முழுவதும் மாற்றமில்லை. காப்பி இல்லாமல் தலை வலித்தது. மாசியில் கால்களின் துன்பம் பிந்தித் தொடங்கிற்று, விரைவில் அடங்கிற்று. பேருந்தில் புதுச்சத்திரம் வரை உட்கார்ந்து வந்தேன். சில வாரங்களில் சிதம்பரம் வரையில் உட்கார்ந்தேன். பங்குனியில் ஒருநாள் வழக்கம்போலப் படுத்து, கால்கள் தொடங்கக் காத்திருந்தேன். காத்திருந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, பால்காரரின் மணியோசையும் சன்னலில் வெயிலும்.

இடையில் நடந்ததை என் கணவர் கூறினார். அவர் கூறியதாகவே எழுதுகிறேன். "நடமாடுற சத்தமே காணோம். பயந்து போயி உள்ள வந்து, மூக்குல வெரல வச்சுப் பாத்தேன். நல்லா கொறட்டை விட்டுக்கினு இருந்த." குறட்டையை நான் ஏற்கவில்லை; சான்று அவர் ஒருவரே. அன்று மாலை தலையணையோடு அவர் உள்ளறைக்குத் திரும்பினார். நான் அழைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்த ஓர் இரவைத்தான் கேட்டிருந்தேன். அதன்பின் பல இரவுகளைப் பெருமான் தந்திருக்கிறான். மாத்திரையால் வந்ததற்கு நன்றி ஏன் என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். செல்வியை அன்று என் வீட்டுக்கு அழைத்து வந்தது அவன் திருவாதிரை. உண்ண இசைவு தந்தது அவன் திருமுன். ஆகவே நன்றி அவனுக்கே. இப்போது நான் பசியால் பக்தியை அளப்பதில்லை. மன்றத்தில் எவரேனும் முகம் வெளுத்துக் காணப்பட்டால், பதிகம் தொடங்குமுன் உண்டீர்களா என்று கேட்கிறேன். சிலருக்கு என்மேல் வருத்தம். இதைப் படிப்பவர்களில் உறக்கமின்றி வருந்துவோர் இருப்பின், பெருமானிடம் கேளுங்கள். கேட்டபின் விடை எந்த உருவில் வந்தாலும் மறுக்காதீர்கள். துன்பத்தைச் சொல்லச் சொல் கிடைக்காவிட்டாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். நோன்பை வீட்டாரிடம் மறைக்காதீர்கள்.

நான் அறியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். என் கால்களை ஆற்றியது இரும்பா, உணவா, காப்பியை விட்டதா என்பதை மருத்துவரே உறுதியாகச் சொல்லவில்லை. அது மீண்டும் வருமா என்பதும் தெரியாது. என் கால்கள் அடங்கியதால் நோன்பு நிறைவுற்றது. தீட்சிதரும் அவ்வாறே சொன்னார். எனினும் என் கணவர் இன்றும் திங்கட்கிழமைகளில் உண்பதில்லை. ஏன் என்று கேட்டேன். "அது எனக்கும் ஆடிக்கினு இருக்கிறவருக்கும் நடுவுல" என்றார். அன்று கண்மூடி நின்று அவர் என்ன வேண்டினார் என்பது எனக்குத் தெரியாது.