முத்து போடாத அம்மை

போன ஆடியில் திண்டிவனத்தில் என் மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. உடம்பெல்லாம் தடித்து, கண்ணும் நாக்கும் ரத்தமாய்ச் சிவந்தன. மூத்த நாத்தனார் வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்.

"ஆத்தா வந்துகிறா. ஊசி போட்டா தெய்வக்குத்தம்."

"அம்மைன்னா முத்து எங்க அண்ணி? ஒண்ணுகூடக் காணோமே!"

"சாமிகிட்டயே கணக்கு கேக்கிறியா?"

"எனக்கும் அவதான் தாயி. புள்ளைய சாவ வுடுன்னு சொல்லமாட்டா" என்று குழந்தையோடு புதுச்சேரி பஸ் ஏறினேன்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ரத்தக் குழாய்களைத் தாக்கும் அபூர்வ நோய் என்றார் டாக்டர். "தாமதிச்சிருந்தா இதயம் கெட்டிருக்கும்மா."

உடனே வைத்தியம் நடந்தது; பிள்ளை பிழைத்தாள்.

இப்போது யாருக்கு உடம்பு தடித்தாலும், மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுகிறேன். குற்றமென்றால் ஆத்தாவே என்னைக் கேட்கட்டும். நாத்தனார் கேட்க வேண்டாம்.