6.26

சபரிநாதன் நன்னிலத்துக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாக இயற்பியல் பேராசிரியர். கருவியைத் தொட்டால் கை அழுக்காகிவிடும் என்று நினைப்பவர். குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியின் மதிப்பு, பத்தின் அடுக்கை விட்டுவிட்டால், 6.626. அவர் தட்டச்சு செய்து கொடுத்த நோட்ஸில் அது 6.26 என்றிருந்தது. அதை அளக்கும் மாணவர்களின் புராஜெக்ட்கள் ஆண்டுதோறும் பிசகாமல் 6.26 காட்டின. இந்த ஆண்டு மாணவி கயல்விழி மட்டும் எல்.இ.டி. விளக்குகளை வைத்து உண்மையாகவே அளந்தாள். சரியான மதிப்புக்குப் பக்கத்தில், 6.5 வந்தது.

"தப்பும்மா. ரீடிங்கை மாத்திட்டு வா. அப்பதான் கையெழுத்து."

"நோட்ஸ்லதான் ஒரு ஆறு விட்டுப்போச்சுங்க சார்."

"பதினோரு வருஷமா எல்லாப் பசங்களுக்கும் இதான் வருது. உனக்கு மட்டும் எப்படிம்மா வேற வரும்?"

அவள் மாற்றவில்லை, அவர் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பருவத்தில் இயற்பியல் புராஜெக்டில் தோற்றது, அளந்த ஒருத்தி மட்டும்.