சத்தமில்லாத டிஸ்க்கும் அழுத தெய்வமும்

சிவகாசியில் குடியிருந்துகொண்டு அமைதியைத் தேடிய ஆள் உபைதுல்லா ஒருவர்தான். ஊரே சத்தத்தைப் பெட்டி பெட்டியாகக் கட்டி வடக்கே அனுப்பிக்கொண்டிருக்க, இவர் ஒரு கம்ப்யூட்டருக்குள் சுற்றுகிற தகட்டின் இரைச்சல் பொறுக்காமல் இளைத்துப் போனார்.

விருதுநகரில் அவருடைய அத்தா செய்யது அபுதாஹிருக்கு வத்தல் மண்டி. மகன் மண்டியில் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருப்பான் என்று அவர் நம்பினார். மகனோ கீபோர்டு படித்து, சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்து, பாட்டுப் பதியும் ஸ்டுடியோ திறந்தார். இசை பாவம் என்று சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தங்கள் வீட்டுக் கல்யாணம் வந்தால் மட்டும் "நம்ம பையன்தானே" என்று படியேறி வந்து இலவசமாகப் பாட்டுப் பதிந்துகொண்டு போனார்கள். பாவம் செய்யலாம், அதற்குக் கூலி கொடுப்பதுதான் பெரிய பாவம் போலிருக்கிறது.

வந்த வேலை எல்லாம் அம்மன் பாட்டு, கட்சி விளம்பரம், பட்டாசுக் கடை விளம்பரம். கீழே அச்சு மெஷின் நிற்கிற சாப்பாட்டு வேளையில்தான் மைக்கைத் திறக்க முடியும். அறை ஒன்றே ஒன்று என்பதால் பாடுகிறவர், மைக், கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே இடத்தில். அந்தக் கம்ப்யூட்டர்தான் உபைதுல்லாவின் சொத்தும் சனியனும்.

அந்தச் சொத்துக்குள் இருந்தது எம். புதுப்பட்டி சங்கையாவின் உருமி. கீபோர்டில் வருகிற பொம்மை உருமிச் சத்தம் பிடிக்காமல், உபைதுல்லா சங்கையாவை வரவழைத்து அவருடைய அடிகளை ஒவ்வொன்றாகப் பதிந்தார். மெல்லிய அடி, ஓங்கிய அடி, குச்சியைத் தோலில் இழுக்கும்போது வருகிற அந்த முனகல், எல்லாம் தனித்தனித் துண்டு. கீபோர்டுக் கட்டையைத் தொட்டால் சங்கையாவின் கை பேசும். ஆனால் பேச வேண்டிய நொடியில் கம்ப்யூட்டர் அந்தத் துண்டை ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுவோ வயதான டிஸ்க். உருமி வேகம் பிடித்தால் பாதியில் திக்கும். சும்மா இருக்கும்போது 'ஈ' என்று ஊளையிடும். உருமித் துண்டை எடுக்க ஓடும்போது 'கறுக் கறுக்' என்று விம்மும். மைக் அதையும் விசுவாசமாகப் பதிந்து வைக்கும்.

நல்ல டிஸ்க் ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்து விருதுநகர் நல்லசிவம் கடைக்குப் போனார்.

"எம்புட்டு ஜிபி வேணும் பாய்?"

"ஜிபி கெடக்கட்டும். எம்புட்டு சத்தம் போடும்?"

"டிஸ்க்கு என்னத்துக்குச் சத்தம் போடுது? போட்டா மாத்தித் தாரேன்."

"சுத்துற எதுவும் சத்தம் போடும். எம்புட்டுன்னுதான் கேக்கேன். மாட்டிக் காட்டுங்க."

நல்லசிவம் மாட்டிக் காட்டினார். உபைதுல்லா குனிந்து டிஸ்க்கின் மேல் காதை வைத்தார். பக்கத்தில் பிரிண்டர் வாங்க வந்தவர், "என்ன பாய், குறி கேக்கீகளா?" என்றார்.

முதலாவது, சர்வரில் போடுகிற ரகம். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று. வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் காதை வைத்ததும் மாவு மில்லுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. இரண்டாவது, மெதுவாகச் சுற்றுகிற ரகம். மூச்சுக்கூட விடவில்லை.

"இது சத்தமும் போடாது, வேலையும் செய்யாது. கவர்மெண்டு ஆபீசுக்குக் குடுங்க," என்று திருப்பிக் கொடுத்தார்.

அவர் கேட்டது மூன்றாவது ஒன்றை. ஏழாயிரத்து இருநூறு சுற்று, உள்ளே இரும்புக் குண்டுகள் மேல் உருளாமல் எண்ணெய்யில் மிதந்து சுற்றுகிற அச்சு, ஒற்றைத் தகடு. இன்டர்நெட் மையத்தில் உட்கார்ந்து தேடிப் படித்திருந்தார். கம்ப்யூட்டரை ஓட்டுகிற சிஸ்டம் பழைய டிஸ்க்கிலேயே கிடந்தால் அது எந்நேரமும் ஊளையிடும் என்பதால் அதையும் இதிலேயே ஒரு மூலைக்கு மாற்றிவிட்டு, மிச்ச இடம் முழுக்கச் சங்கையாவுக்குக் கொடுப்பது என்று திட்டம்.

"எண்ணெய்யில மிதக்குற டிஸ்க்கா? விருதுநகருக்கு வந்தா எல்லாரும் எண்ணெய்யத்தான் கேக்கீக," என்றார் நல்லசிவம். "மெட்ராஸ்ல சொல்லி வைக்கேன். வந்ததும் போன் பண்ணுதேன்."

டிஸ்க் வருவதற்குள் அய்யாதுரை வந்துவிட்டார்.

அய்யாதுரைக்கு எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. முந்தின தீபாவளி சீசனில் ஆர்டர் குவிந்தபோது, நாலு பேர் உட்கார வேண்டிய, வெடிமருந்து அடைக்கிற அறையில் கூட்டமாக ஆளை உட்கார வைத்திருந்தார். அறை வெடித்து மூன்று பெண்கள் செத்தார்கள். அதில் ஒருத்தி சங்கையாவின் மனைவி சீனியம்மாள். மூவரின் பேரும் கம்பெனிப் பதிவில் கிடையாது. விசாரணையில் அய்யாதுரை, சீனியம்மாள் ஆடு மேய்க்க வந்தவள், மற்ற இருவரும் அவளோடு பேசிக்கொண்டிருக்க வந்தவர்கள் என்று எழுதிக் கொடுத்தார். மருந்து அறைக்குள் ஆட்டுக்கு என்ன மேய்ச்சல் என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை. என் பெண்டாட்டி அங்கே வேலை செய்தவள் என்று எழுதுங்கள் என்பது ஒன்றுதான் சங்கையாவின் மனு. அது ஏதோ ஒரு மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது.

மறுபடி விபத்து நடக்காமல் இருக்க அய்யாதுரை ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அறைக்கு ஆளைக் குறைப்பதல்ல அந்த வழி. அம்மன் பாட்டு சிடி ஒன்று போட்டு, காலை முதல் கம்பெனி முழுக்க ஒலிக்க விடுவது. பாட்டுக்கு முன்னால் அவரே தம் குரலில் அம்மனை அழைப்பது. வழி சொன்ன ஜோசியர் லட்சுமிகாந்தம் கூடவே வந்திருந்தார்.

"புது டிஸ்க்கு வரட்டும் அண்ணாச்சி. இது இரையுது," என்றார் உபைதுல்லா.

"புதன்கிழமை நேரம் குறிச்சாச்சு பாய். மெட்ராஸ் லாரிக்காக நல்ல நேரம் ரோட்டுல நிக்குமா?"

நல்ல நேரத்தில் பழைய டிஸ்க்கோடு பதிவு நடந்தது. உருமி ஒலிக்க ஒலிக்க, அய்யாதுரை மைக் முன்னால் கண்ணை மூடி அம்மனை அழைத்து உருகினார். யார் கொட்டு என்று கேட்டார். உபைதுல்லா சொன்னார். அய்யாதுரை பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

இரண்டு நாளில் வியர்த்துப்போய் வந்து நின்றார். காரில் கேட்டிருக்கிறார்.

"உருமி வரும்போதெல்லாம் பின்னால ஒரு பொம்பளை விசும்புறா பாய்."

"புருசன் கொட்டுச் சத்தம் கேட்டதும் சீனியம்மாளுக்குத் தாங்கல," என்றார் லட்சுமிகாந்தம்.

"அது ஹார்டு டிஸ்க்கு," என்று சொல்லி உபைதுல்லா கம்ப்யூட்டர் பெட்டியின் கதவைக் கழற்றினார். "காதை வச்சுப் பாருங்க அண்ணாச்சி."

அய்யாதுரை நாலடி பின்னால் போனார். லட்சுமிகாந்தம் கலங்கவில்லை. "பெட்டிக்குள்ள இருந்து வருதுன்னுதான் நானும் சொல்லுதேன். உள்ள இருக்கது யாருங்கதுதான் கேள்வி."

உபைதுல்லா வீணைத் துண்டு ஒன்றைத் தட்டிக் காட்டினார். டிஸ்க் அதற்கும் விம்மியது. "பாத்தீகளா, உருமின்னு இல்ல, எதைத் தட்டினாலும் இப்படித்தான்."

"இப்ப வீணைக்கும் அழுகுறா," என்றார் லட்சுமிகாந்தம். "துக்கம் முத்திருச்சு."

அகாலமாகச் செத்த பெண்ணைத் தெய்வமாக்கி நட்டு வைத்துக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். உயிரோடு இருக்கும்போது கொடுக்காததை எல்லாம் செத்த பிறகு பொங்கலாகப் படைப்பார்கள். கம்பெனி வளாகத்தில் சீனியம்மாளுக்குக் கல் நடுவது என்று அன்றே முடிவாகிவிட்டது.

செய்தி ஊருக்குள் பரவி, சங்கையா மாடியேறி வந்தார். கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"பாய், அந்தப் புது டிஸ்க்கு வந்தாலும் மாட்டாதீக."

"என்னண்ணே சொல்லுதீக? நீங்களும் நம்புதீகளா?"

"நான் என்னத்த நம்ப? என் பெண்டாட்டி இப்படி அழ மாட்டா. கோவம் வந்தா வைவா. ஆனா அவரு நம்புதாருல்ல. நான் கும்பிட்டுக் கேட்டும் அசையல. பேய்க்காவது பயந்து ஒரு வார்த்தை நெசஞ் சொல்லட்டுமே."

நல்லசிவத்திடமிருந்து போன் வந்த அன்றும் உபைதுல்லா முகம் தெளியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி அக்தர் பேகம் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "அந்த மனுசன் சொல்லுறதும் சரிதானே. சாமிக்கும் ஜோசியருக்கும் பயப்படுற ஆளு, ஓட்டை டிஸ்க்குக்குப் பயந்தா ஒங்களுக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

"பயந்தவன் பரிகாரம் பண்ணுவான், நியாயம் பண்ண மாட்டான். பேய்னு நான் ஒருதரம் ஒத்துக்கிட்டேன்னா, அப்புறம் அந்தப் பொம்பளை வேலை பாத்தான்னு நான் சொன்னாலும் அதுவும் ஜோசியந்தான்."

"ஒங்க ஞாயம் ஒங்களுக்கு. சங்கையாவுக்கு என்ன வச்சிருக்கீக?"

ஒன்றும் வைத்திருக்கவில்லை. ஆனாலும் போய் டிஸ்க்கை வாங்கி வந்தார். சைக்கிள் டியூபை வார் வாராக வெட்டி, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தூளிபோல் கட்டி, அதில் டிஸ்க்கைத் தொங்கவிட்டார், அதிர்வு தகரத்தில் ஏறக்கூடாது என்று. ஓட விட்டபோது, ஓடுகிறதா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உருமியை எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் ஓர் அடிகூடத் திக்கவில்லை. பக்கத்துத் தெரு டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் அன்றுதான் அவர் காதில் முதன்முதலாக விழுந்தது.

அய்யாதுரையை மறுபடி கூப்பிட்டுப் பதிந்தார். சிடியில் விசும்பல் இல்லை.

"டிஸ்க்கை மாத்தினேன், அழுகை போச்சு. இப்ப என்ன சொல்லுதீக அண்ணாச்சி?"

அய்யாதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. "வெள்ளிக்கிழமை கல்லு எறக்கினோம் பாய். அன்னைக்கே சமாதானமாயிட்டா."

லட்சுமிகாந்தத்துக்குப் பட்டுவேட்டி கிடைத்தது. பகுத்தறிவு ஒரு பரிசோதனை செய்து வெற்றியும் பெற்று, அந்த வெற்றியைத் தூக்கி ஜோசியர் கையில் கொடுத்துவிட்டு நின்றது.

சமாதானமான தெய்வம் நிலைத்து நிற்க வேண்டுமென்றால், அது எந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தபோது உயிர் போனதோ அதை மறைக்காமல் கல்லில் எழுத வேண்டும் என்றார் லட்சுமிகாந்தம். பொய் எழுதினால் திரும்ப எழுந்துகொள்ளுமாம். அய்யாதுரை அப்படியே செய்தார். 'நம் கம்பெனியில் மருந்து அடைக்கும் வேலையில் இருக்கையில் தெய்வமான அருள்மிகு சீனியம்மன். உபயம்: அய்யாதுரை குடும்பத்தார்' என்று தேதியோடு கறுப்புக் கல்லில் வெட்டியாகிவிட்டது. அதே வாசகத்தோடு வண்ண அழைப்பிதழ், உபைதுல்லாவின் ஸ்டுடியோவுக்குக் கீழே இருந்த அச்சகத்திலேயே தடித்த தாளில் அடிக்கப்பட்டு ஊரெங்கும் போயிற்று.

பூஜையன்று பாட்டுப் போட உபைதுல்லா போயிருந்தார். ஒயர் மருந்து அறைப்பக்கம் போகக்கூடாது என்று போர்மேன் தடுத்ததால் ஸ்பீக்கரை வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். கர்ப்பக்கிரகம் மாதிரி கட்டியிருந்த சின்ன மண்டபத்துக்குள் சங்கையாவின் உருமி கணீரென்று போய் முழங்கியது. சங்கையா கம்பி வேலிக்கு வெளியே நின்றார். கொட்டு உள்ளே போகலாம், கொட்டுகிறவர் போகக்கூடாது. கொட்டுகிறவரின் பெண்டாட்டி உள்ளே சாமியாக இருந்தாலும் அதுதான் சட்டம்.

உபைதுல்லா கல்லைப் படித்தார். திரும்பப் படித்தார். பிறகு வேலியோரம் போய், "அண்ணே, அய்யாதுரை நெசஞ் சொல்லிட்டாரு. அதுவும் கல்லுல," என்றார்.

கல்லின் போட்டோவும் அழைப்பிதழும் சங்கையாவின் மனுவோடு போயின. அடுத்த விசாரணையில் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அய்யாதுரையைக் கேட்டார்.

"ஆடு மேய்க்க வந்த அம்மான்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. கல்லுல மருந்து அடைச்சவங்கன்னு போட்டிருக்கீங்க. எது பொய்?"

அய்யாதுரையின் வக்கீல், அது மத நம்பிக்கை சம்பந்தப்பட்டது என்று எழுந்தார். அப்படியானால் தவறான வாசகம் என்று கல்லை எடுத்துவிடுவீர்களா என்றார் அதிகாரி. எடுத்துவிடலாம் என்று வக்கீல் அய்யாதுரையின் காதில் சொன்னார். அய்யாதுரை வாசலில் நின்ற லட்சுமிகாந்தத்தைப் பார்த்தார். லட்சுமிகாந்தம் மெல்லத் தலையை ஆட்டினார், கூடாது என்று.

"அவ என் வேலைக்காரிதான்," என்றார் அய்யாதுரை. கையெழுத்துப் போட்டார். சட்டமும் மூன்று செத்த உடம்புகளும் வாங்க முடியாத கையெழுத்து அது.

சங்கையா வெளியே வந்து அலுவலகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். உபைதுல்லா டீ வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

செத்துப்போன மற்ற இரண்டு பெண்களின் வீட்டாரும் அதற்கடுத்த வாரமே ஸ்டுடியோ படியேறி வந்தார்கள். மூவரும் ஒரே அறையில், ஒரே நொடியில் செத்தவர்கள். ஒருத்தி வேலைக்காரி என்றால் மற்றவர்களும் வேலைக்காரிகள்தானே என்று உபைதுல்லா தம் கையால் மனு எழுதி, அவர்களைக் கூட்டிக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போனார்.

குமாஸ்தா மனுவைக் கடைசி வரை படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மனு வந்த உறைக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீக பாய்," என்றார். "இவுக ரெண்டு பேருக்கும் கல்லு எங்கன நட்டிருக்கு?"